பிரேக் மிதி கீழே இறங்குகிறதா?
காரணம் கண்டறிந்து சரி செய்யும் முறை

சந்தைக்குச் சரக்கு ஏற்றும் வண்டியில் டீசல் அளவைத் தினமும் பார்க்கிறோம். டயரில் காற்றைத் தட்டிப் பார்க்கிறோம். பிரேக்கை மட்டும் அது பிடிக்காமல் போன நாளில்தான் பார்க்கிறோம். திண்டுக்கல் வட்டாரத்தில் இது சிறிய விஷயம் அல்ல. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறியும், நிலக்கோட்டைக்குப் பூவும், அய்யலூருக்குத் தக்காளியும் விடிவதற்கு முன்பே வண்டியில் போய்ச் சேர வேண்டியிருக்கிறது. சிறுமலையில் குதிரை முதுகில் வாழைத்தாரைச் சாலைக்குக் கொண்டு வருவது பழைய வழக்கம். சாலைக்கு வந்த தார் 18 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வண்டியில்தான் கீழே இறங்குகிறது. அந்த இறக்கத்தில் பிரேக் மிதி பலகையைத் தொட்டுவிட்டால் சரக்கு மட்டுமல்ல, உயிரும் போய்விடும்.

2005ஆம் ஆண்டில் டாடா ஏஸ் வந்த பிறகு, சிறு விவசாயிகள் பலர் தாமே ஒரு சிறு சரக்கு வண்டியை வைத்து ஓட்டுகின்றனர். பழைய ஜீப்பும் காரும் வைத்திருப்போரும் உண்டு. இவர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று: "முதல் மிதியில் பிரேக் கீழே போகிறது. இரண்டு தடவை மிதித்தால் பிடித்துக்கொள்கிறது."

இரண்டு மிதியில் பிடிக்கிறதே என்று ஆறுதல் கொள்ளக் கூடாது. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் ஓடிவிடும். இரண்டாவது முறை மிதிக்க எடுக்கும் அந்த நேரத்தில்தான் குறுக்கே ஆடும் வரும், குழந்தையும் வரும்.

இந்தக் குறைக்குக் காரணங்கள் பல. சிலவற்றைச் செலவின்றி நாமே சரி செய்யலாம். சிலவற்றுக்குப் பட்டறைக்குப் போயே ஆக வேண்டும். எது எது என்று பிரித்தறியத் தெரிந்தால் உயிருக்கும் பாதுகாப்பு. வீண் செலவும் இல்லை.

பிரேக் வேலை செய்யும் விதம்

மிதியை அழுத்தினால் அதன் பின்னாலுள்ள தண்டு மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் பிரேக் ஆயிலைக் குழாய் வழியாகச் சக்கரங்களுக்குத் தள்ளுகிறது. மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தின் ஒரு புறம் கொடுத்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும். பாஸ்கல் என்ற பிரெஞ்சு அறிஞர் 17ஆம் நூற்றாண்டில் கண்டு சொன்ன விதி இது. பின் சக்கரத்தில் வீல் சிலிண்டர் இரண்டு ஷூக்களையும் விரித்து டிரம்மின் உட்புறத்தில் அழுத்துகிறது. முன் சக்கரத்தில் டிஸ்க் இருந்தால் இரண்டு பேடுகள் தட்டை இரு புறமும் கவ்விப் பிடிக்கின்றன.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு மிதியில் மாஸ்டர் சிலிண்டர் தள்ளும் ஆயிலின் அளவு மிகக் கொஞ்சம். ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவில் இடைவெளி அதிகமானால், அந்த ஆயில் முழுவதும் ஷூவை நகர்த்துவதிலேயே செலவாகிவிடும். அழுத்தம் கொடுக்க மிச்சம் இராது. குழாயில் காற்று புகுந்தால், மிதியின் பலம் காற்றைச் சுருக்குவதிலேயே வீணாகும். எங்காவது கசிந்தால் ஆயில் சக்கரத்துக்குப் போகாமல் வெளியே போகும். மிதி கீழே இறங்குவதற்கு முக்கியக் காரணங்கள் இந்த மூன்றுமே: இடைவெளி, காற்று, கசிவு. சூடு நான்காவது. அதைப் பின்னால் பார்ப்போம்.

வண்டியை நிறுத்தி வைத்துச் செய்யும் சோதனைகள்

சமதரையில் வண்டியை நிறுத்துங்கள். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். எஞ்சினை அணைத்துவிடுங்கள்.

1. ஆயில் மட்டம்: மாஸ்டர் சிலிண்டரின் மேலுள்ள டப்பாவில் மேல் கோடு, கீழ்க் கோடு என இரண்டு இருக்கும். பேடுகள் தேயத் தேய மட்டம் மாதக் கணக்கில் மெதுவாகக் குறைவது இயல்பு. ஒரு வாரத்தில் சட்டென்று இறங்கியிருந்தால் கசிவு இருக்கிறது. ஊற்றி நிரப்பிவிட்டு ஓட்டுவது பரிகாரம் ஆகாது.

2. அடுத்தடுத்து மிதித்தல்: பூஸ்டர் உள்ள வண்டியில் முதலில் நான்கைந்து முறை மிதித்து, அதில் மிச்சமிருக்கும் இழுவையைத் தீர்த்துவிடுங்கள். சிறிது நேரம் காலை எடுத்துவிட்டு ஒரு முறை மிதியுங்கள். எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று பாருங்கள். பிறகு விடாமல் மூன்று முறை விரைவாக மிதியுங்கள். மிதி உயர்ந்து, கல் போல் கெட்டியாக நின்றால் இடைவெளி அதிகம் என்று பொருள். உயர்ந்தாலும் ரப்பர் பந்தை மிதிப்பது போல் துள்ளினால் காற்று புகுந்திருக்கிறது.

3. மிதித்து நிறுத்துதல்: ஒரே பலத்தில் ஒரு நிமிடம் மிதித்தபடி இருங்கள். மிதி அசையாமல் நிற்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் தரையை நோக்கி இறங்கினால் கசிவு உண்டு. சக்கரங்கள், குழாய்கள் எங்கும் ஈரமில்லை, டப்பாவில் மட்டமும் குறையவில்லை என்றால், மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்து, ஆயில் உள்ளுக்குள்ளேயே பின்னால் நழுவுகிறது. இந்தச் சோதனையை அழுத்தி ஒரு முறையும், மெதுவாக ஒரு முறையும் செய்ய வேண்டும். தேய்ந்த வாஷர் வேகமாக மிதிக்கும்போது சுவரோடு ஒட்டிக்கொண்டு நன்றாக இருப்பது போல் காட்டும்; மெதுவாக மிதித்தால்தான் அதன் குறை தெரியும்.

4. ஹேண்ட் பிரேக் சோதனை: செலவே இல்லாத நல்ல சோதனை இது. ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டுக் கால் பிரேக்கை மிதியுங்கள். முன்பைவிட மிதி நன்றாக மேலேயே நின்றால், பின் சக்கர ஷூக்களின் இடைவெளிதான் குறை. ஹேண்ட் பிரேக் அந்த ஷூக்களை முன்கூட்டியே விரித்து வைத்ததால் மிதி உயர்ந்தது. சில பழைய ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தில் இல்லாமல் புரொப்பல்லர் ஷாப்டில் இருக்கும். அவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

5. எஞ்சினை இயக்கிப் பார்த்தல்: மிதித்தபடியே எஞ்சினை இயக்கினால் மிதி சிறிது இறங்கி மெதுவாகும். இது பூஸ்டர் வேலை செய்வதற்கு அடையாளம், குறை அல்ல.

இடைவெளி என்றால்

மண் பாதையில் ஓடும் வண்டிகளுக்கு மிகுதியாக வரும் குறை இதுவே. பல வண்டிகளில் லைனிங் தேய்வதற்கேற்ப ஷூவைத் தானே நெருக்கி வைக்கும் அட்ஜஸ்டர் உண்டு. புழுதியும் சேறும் புகுந்து அதன் பல் சக்கரம் துருவேறி இறுகிவிட்டால் அது வேலை செய்யாது. லைனிங் தேயும், இடைவெளி கூடும், மிதி இறங்கும்.

சரி செய்யும் முறை வருமாறு: முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்தி, பின்புறத்தை ஜாக்கியில் தூக்குங்கள். அச்சுக்கு அடியில் ஸ்டாண்டு அல்லது கனமான மரக்கட்டை கொடுக்க வேண்டும். செங்கல் வேண்டாம், அது நொறுங்கும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் போகவே கூடாது.

டிரம்மைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. உள்ளேயுள்ள தூசியை வாயால் ஊதவோ, காற்றுக் குழாயால் அடிக்கவோ கூடாது. பழைய லைனிங்குகளில் கல்நார் உண்டு. அது நுரையீரலைக் கெடுக்கும். ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். லைனிங் ரிவெட் தலையை நெருங்கிவிட்டாலோ, வெடித்திருந்தாலோ, எண்ணெய் குடித்திருந்தாலோ மாற்றியே ஆக வேண்டும். எண்ணெய் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவிப் போடுவது பலன் தராது. சூடேறியதும் உள்ளிருக்கும் எண்ணெய் மறுபடி வெளியே வரும். ஒரு பக்கம் மாற்றினால் மறுபக்கமும் மாற்ற வேண்டும். இல்லையேல் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு புறம் இழுக்கும். டிரம் எவ்வளவு வரை தேயலாம் என்ற அளவைப் பெரும்பாலும் டிரம்மிலேயே பொறித்திருப்பார்கள். அதைத் தாண்டிய டிரம்முக்குப் புது லைனிங் போட்டும் பயனில்லை.

லைனிங் நன்றாக இருந்தால் அட்ஜஸ்டரைச் சுத்தம் செய்து, லைனிங்கில் படாதபடி சிறிது கிரீஸ் இட்டு மாட்டுங்கள். பின் தட்டிலுள்ள துளை வழியாக ஸ்குரு டிரைவரால் பல் சக்கரத்தைத் திருப்பினால் ஷூ நெருங்கும். சக்கரம் சுற்ற முடியாமல் இறுகும் வரை திருப்புங்கள். பிறகு கால் பிரேக்கை ஒரு முறை அழுத்தி விட்டால் ஷூக்கள் நடுவில் அமரும். மறுபடி இறுக்கிப் பார்த்து, சக்கரம் தாராளமாகச் சுற்றி, இலேசாக உரசும் ஓசை மட்டும் கேட்கும் அளவுக்குப் பல் பல்லாகத் தளர்த்துங்கள். தானியங்கி அட்ஜஸ்டரில் தளர்த்தும்போது அதன் சிறு நெம்புகோலை விலக்கிப் பிடிக்க வேண்டும். இரு புறமும் ஒரே மாதிரி செய்தல் அவசியம்.

இங்கே பலர் ஒரு தவறு செய்கின்றனர். ஷூவை நெருக்காமல் ஹேண்ட் பிரேக் கேபிளை இறுக்கி மிதியை உயர்த்திவிடுகின்றனர். இதனால் அட்ஜஸ்டர் வேலை செய்யாமல் நின்றுபோகும். பிரேக்கும் உரசிச் சூடாகும். முதலில் ஷூ, பிறகுதான் கேபிள். இதே போல, மிதியின் பின்னாலுள்ள தள்ளு தண்டை நீட்டி மிதியை உயர்த்துவதும் தவறு. பிஸ்டன் முழுவதும் பின்னுக்கு வராததால் ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் வழி அடைபட்டு, சக்கரம் தானாகவே பிடித்துக்கொள்ளும்.

மேடு பள்ளப் பாதையில் வந்த பிறகு மட்டும் முதல் மிதி இறங்குகிறதா? முன் சக்கர பேரிங்கைப் பாருங்கள். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரியும். பேரிங் தளர்ந்தால் டிஸ்க் ஆடி, பேடுகளைப் பின்னுக்குத் தள்ளிவிடும். அந்தத் தூரத்தைக் கடக்கவே முதல் மிதி செலவாகிறது.

காற்று என்றால்

காற்று தானாகப் புகாது. டப்பா வற்றியிருக்கும், அல்லது எங்கோ இணைப்புத் தளர்ந்திருக்கும், அல்லது ஏதோ பாகத்தைக் கழற்றி மாட்டியிருப்பார்கள். காரணத்தைச் சரி செய்த பிறகே 'ஏர் எடுக்க' வேண்டும்.

இதற்கு இருவர் தேவை. ஒருவர் மிதியில், ஒருவர் சக்கரத்தில். நிப்பிளில் ஒரு கண்ணாடிக் குழாயை மாட்டி, மறுமுனையைச் சிறிது பிரேக் ஆயில் ஊற்றிய பாட்டிலில் முழுகவிடுங்கள். "மிதி" என்றதும் மிதியிலிருப்பவர் அழுத்தி, அப்படியே பிடித்திருக்க வேண்டும். சக்கரத்தில் இருப்பவர் நிப்பிளைத் திறக்க, ஆயிலும் குமிழிகளும் வரும். நிப்பிளை மூடிய பிறகே "விடு" என்று சொல்ல வேண்டும். மூடுமுன் காலை எடுத்தால் வெளிக்காற்று உள்ளே போய்விடும். குமிழி நிற்கும் வரை இப்படிச் செய்து, நடுநடுவே டப்பாவை நிரப்பி வாருங்கள்.

பெரும்பாலான பழைய வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்குவது வழக்கம்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. இரட்டைக் குழாய் வழி குறுக்காகப் பிரிந்த கார்களில் வரிசை மாறும். வண்டியோடு வந்த புத்தகத்தைப் பார்க்க வேண்டும். ஏ.பி.எஸ். உள்ள வண்டியைப் பட்டறைக்கே கொண்டு செல்வது நலம்.

பழைய வண்டியில் ஏர் எடுக்கும்போது மிதியைத் தரை வரை அழுத்தக் கூடாது. மிதிக்கு அடியில் ஒரு மரத்துண்டு வையுங்கள். வழக்கமாகப் பிஸ்டன் போகாத இடத்தில் சிலிண்டருக்குள் துருவும் கசடும் இருக்கும். வாஷர் அதில் உரசிக் கிழிந்து, நன்றாயிருந்த மாஸ்டர் சிலிண்டரும் கெட்டுவிடும்.

கசிவு என்றால்

டயரின் உட்புறச் சுவர், பின் தட்டின் அடிப்பகுதி, ரப்பர் ஹோஸ், இரும்புக் குழாயின் வளைவுகள், மிதியின் மேற்புறம் ஆகிய இடங்களில் ஈரம் தேடுங்கள். பின் சக்கரத்தில் எண்ணெய் இருந்தால் அது பிரேக் ஆயிலா, அச்சிலிருந்து வரும் கியர் ஆயிலா என்று பிரித்தறிய வேண்டும். கியர் ஆயில் கெட்டியாக, நெடியோடு இருக்கும். பிரேக் ஆயில் நீர்த்து, தண்ணீரில் கரையும்.

இன்றைய வண்டிகளில் பிரேக் இரண்டு தனி வழிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒன்று கசிந்து போனாலும் மற்றொன்று பிடிக்கும். ஆனால் மிதி சட்டென்று பாதிக்குக் கீழே போகும். சிவப்பு விளக்கு எரியும். இது வீடு போய்ச் சேர்வதற்குக் கிடைத்த அனுமதி அல்ல. அங்கேயே வண்டியை நிறுத்திவிடுவதே அறிவுடைமை.

மாஸ்டர் சிலிண்டருக்குள் சுவர் வழவழப்பாக இருந்தால் வாஷர் கிட் மாற்றினாலே போதும். கீறலோ துருக்குழியோ இருந்தால் புது வாஷர் நிலைக்காது; சிலிண்டரையே மாற்ற வேண்டும். ரப்பர் பாகங்களை மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவக் கூடாது, ஊதிப் போய்விடும். பிரேக் ஆயிலிலேயே கழுவ வேண்டும். அதே காரணத்தால், அவசரத்துக்கு என்று எஞ்சின் ஆயிலையோ ஹைட்ராலிக் ஆயிலையோ டப்பாவில் ஊற்றினால் எல்லா ரப்பரும் கெட்டு, முழுப் பிரேக் அமைப்பையும் மாற்ற நேரிடும்.

இறக்கத்தில் மட்டும் இறங்கும் மிதி

சமவெளியில் நன்றாக இருந்த பிரேக், சிறுமலையோ கொடைக்கானலோ இறங்கும்போது தரைக்குப் போய், வண்டி ஆறியதும் பழையபடி ஆகிவிடுகிறதா? அது ஆயில் கொதித்ததன் அடையாளம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. சுமார் 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 140 ஆகிவிடுகிறது. டாட் 4 ஆயிலுக்கு இவை முறையே 230, 155. கொதித்து எழும் ஆவி, காற்றைப் போலவே மிதியின் பலத்தை விழுங்கிவிடும். ஆறினால் ஆவி மறுபடி திரவமாகும். எனவே பட்டறையில் பார்க்கும்போது குறையே தெரியாது.

இதற்குப் பரிகாரம் ஆயிலை மாற்றுவதே. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, அல்லது புத்தகத்தில் கண்டபடி மாற்றுங்கள். மூடியில் எந்த டாட் எண் எழுதியுள்ளதோ அதையே வாங்குங்கள். சிலிக்கோனாலான டாட் 5 ஆயிலை மற்றவற்றோடு கலக்கக் கூடாது. திறந்து வைத்த பழைய டின்னும், ஏர் எடுக்கும்போது வந்த ஆயிலும் மறுபடி உதவா.

மிதி உயரமாக, கெட்டியாகவே இருந்து, வண்டி மட்டும் நிற்காமல் போனால் அது வேறு குறை. லைனிங் சூடேறிப் பிடிப்பை இழந்துவிட்டது. இரண்டுக்கும் தடுப்பு முறை ஒன்றே. ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்குங்கள். நியூட்ரலில் விடாதீர்கள், எஞ்சினை அணைக்காதீர்கள். காலைத் தொடர்ந்து பிரேக்கில் வைத்திராமல், அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு ஆற விடுங்கள். வேகம் இரு மடங்கானால் பிரேக் தாங்க வேண்டிய சூடு நான்கு மடங்காகும். அளவுக்கு மேல் ஏற்றிய பத்துத் தாரின் லாபம், ஒரு வளைவில் போய்விடும்.

ஓட்டத்தில் மிதி முழுவதும் இறங்கிவிட்டால் பதற வேண்டாம். விடாமல் விரைவாக மிதியுங்கள், சிறிதாவது பிடிக்கும். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கை ஒரே இழுப்பாக இழுக்காமல் படிப்படியாக இழுங்கள். ஹாரனும் விளக்கும் போட்டு மற்றவர்களை எச்சரித்து, மலைச்சுவர்ப் பக்கமாக ஒதுங்குங்கள்.

டிராக்டர் வைத்திருப்போருக்கு

பல டிராக்டர்களில் ஆயில் அழுத்தம் இல்லாமல் இரும்புத் தண்டுகளே பிரேக்கை இழுக்கின்றன. அங்கே மிதி இறங்கினால் தண்டின் நீளத்தைச் சரி செய்ய வேண்டும். இடது, வலது மிதிகள் இரண்டும் ஒரே அளவு இறங்க வேண்டும் என்பதே முக்கியம். சாலையில் ஓட்டும்போது இரு மிதிகளையும் இணைக்கும் கொக்கியை மறவாமல் போடுங்கள். பின்னால் டிரெய்லரும் சேர்ந்த நிலையில் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பிடித்தால் டிராக்டர் கவிழ்ந்துவிடும்.

சுருக்கம்

அடுத்தடுத்து மிதித்தால் உயர்ந்து கெட்டியாகிறது: இடைவெளி.
துள்ளுகிறது: காற்று.
மிதித்து நின்றால் இறங்குகிறது, வெளியே ஈரம் உண்டு: குழாய் அல்லது வீல் சிலிண்டர் கசிவு.
இறங்குகிறது, ஈரம் இல்லை: மாஸ்டர் சிலிண்டர்.
சூட்டில் இறங்கி, ஆறினால் உயர்கிறது: பழைய ஆயில்.
மோசமான பாதைக்குப் பின் முதல் மிதி மட்டும்: பேரிங் ஆட்டம்.

பட்டறையில் "மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது" என்று சொன்னால், எந்தச் சோதனையில் அது தெரிந்தது என்று மரியாதையாகக் கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபிக்க மாட்டார். அரை மணி நேரத்தில் ஷூவை நெருக்கிச் சரி செய்யக்கூடிய குறைக்குப் புது மாஸ்டர் சிலிண்டர் வாங்கி, குறையும் தீராமல் திரும்பியவர்கள் உண்டு.

வேலை முடிந்ததும் வண்டியை நகர்த்துமுன் மிதி கெட்டியாக நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு வெறும் வண்டியாகச் சமதரையில் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பாருங்கள். நேராக நிற்க வேண்டும். சிறிது தூரம் ஓட்டியபின் நான்கு சக்கரங்களின் அருகிலும் புறங்கையைக் காட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகம் சுட்டால் அது உரசுகிறது, தளர்த்த வேண்டும்.

தினமும் காலையில் சரக்கு ஏற்றுமுன் ஒரே ஒரு முறை பிரேக்கை மிதித்து, நேற்று நின்ற இடத்திலேயே மிதி நிற்கிறதா என்று பார்க்கும் வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.